சிரில் ஹாட்டனின் ஐம்பது விநாடிகள்

1957ஆம் ஆண்டு பிப்ரவரி 25, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். லண்டனில், ஹாமர்ஸ்மித் மாதா கோவிலை ஒட்டிய கூடத்தில் டோரீன் மெஃபம் முழங்காலிட்டுத் தரையில் நிற நாடாக்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் நாடா சமையலறைச் சுவர், நீல நாடா முன்னறைச் சுவர், நாடா விடுபட்ட இடம் கதவு. மூன்று வார ஒத்திகை முழுவதும் நடிகர்களுக்கு இந்த நாடாக்கள்தாம் வீடு. நாடகத்தின் முதல் வாசிப்பு பத்து மணிக்குத்தான் தொடங்கும். அதற்குள் வந்துவிட்டார் ஒருவர். நாற்பத்துநான்கு வயதிருக்கும். எங்கோ பார்த்தது போலவும் எங்கேயென்று சொல்ல முடியாதது போலவும் தோன்றும் முகம்.

"நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு, தாண்டி வாங்க" என்றாள் டோரீன்.

அவர் தாண்டவில்லை. மஞ்சள் நாடாவின் ஓரமாகவே சுற்றி நடந்து, விடுபட்ட இடத்துக்கு வந்து நின்றார்.

"கதவு இதுதானே கண்ணு?"

"வெறும் நாடாதானே சார் அது."

"சுவத்தைத் தாண்டிக் குதிச்சு வந்தா வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? அதுவும் அந்த வீட்டுக்காரனே நான்தான்!"

இல்லாத மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து உள்ளே வந்து, மறக்காமல் திரும்பி அதைச் சாத்தினார். சிரில் ஹாட்டன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

போல்ட்டன் நகரத்தில் பருத்தி ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். வடக்கத்தி ஊர்களின் நாடகக் குழுக்களில் பதினோரு ஆண்டு உழைத்தார். அக்குழுக்களின் வழக்கம் கடுமையானது: வாரம் ஒரு நாடகம். இரவில் ஒரு நாடகத்தை மேடையேற்றிக்கொண்டே பகலில் அடுத்ததை மனப்பாடம் செய்ய வேண்டும். பதினோரு ஆண்டில் ஏறத்தாழ ஐந்நூறு நாடகங்கள். ஒன்றில்கூட அவர் வசனத்தை மறந்ததில்லை. அழகு இல்லை, உயரம் இல்லை, குரலிலும் பெரிய கம்பீரம் இல்லை. அவரிடம் இருந்த சொத்து அந்த நினைவாற்றல் ஒன்றே. லண்டன் வந்த பிறகு திரைப்படங்களில் காவலராக, சுமைகூலியாக, கல்லறைக்கு வழிகாட்டும் கிழவராகத் தோன்றினார். இரண்டு வரி, மூன்று வரி. இப்போதுதான் முதல் முறையாக, தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில், முழுமையான ஒரு வேடம் கிடைத்திருந்தது. ரயில்வே கைகாட்டிக்காரர் ஒருவர் தம் தவற்றால் ஒரு ரயில் கவிழ்ந்ததை வழக்கறிஞரான மகனிடம் ஒப்புக்கொள்கிறார். மூன்றாம் பகுதியில் ஐம்பது விநாடி நீளமுள்ள ஒரே பேச்சு. அதற்காகவே அந்த நாடகம் எழுதப்பட்டதென்று டோரீனுக்குத் தோன்றியது.

மகனாக நடித்தவர் ஜெரால்ட் ஃபேன்ஷா. மக்கள் அறிந்த அழகர். நெறியாளர் லயனல் ஸ்ட்ரேக், இரண்டாம் வாரத்தில் கேமராக் கோணங்களை முடிவு செய்தபோது, அந்தப் பேச்சு முழுவதையும் ஃபேன்ஷாவின் முகத்தில் வைத்துக்கொண்டார். சிரிலின் முதுகும் பிடரியும் படத்தின் ஓரத்தில் தெரியும்.

"ஜனங்க ஜெரால்டைப் பாக்கத்தான் உக்காந்திருக்காங்க ஹாட்டன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ஸ்ட்ரேக்.

"தப்பே இல்லை சார். என் முதுகு முகத்தைவிட நல்லாவே நடிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தேநீர் வேளையில் மட்டும் டோரீனிடம் அவர் மெல்லச் சொன்னார்: "எங்க வீட்டுல டிவி கிடையாது கண்ணு. ஐவி பக்கத்து வீட்டுல பாக்கப்போறா. தெருவே வருது. அவங்கவங்க நாற்காலியை அவங்கவங்களே தூக்கிட்டு வரணும்னு பேச்சு. முதுகைத்தான் பாக்கப்போறாங்கன்னு ஐவிகிட்ட இன்னும் சொல்லலை. குரலாவது கேக்கும், போகட்டும்."

ஐவி அவருடைய மனைவி.

அந்நாளில் நாடகங்கள் பதிவு செய்யப்படுவதில்லை. நடிக்க நடிக்க நாடு முழுவதும் போய்ச் சேரும். முடிந்தால் காற்றோடு போய்விடும். நடிகர் வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். எடுத்துக்கொடுக்கும் குரல் வீடுகளுக்குக் கேட்கக் கூடாதென்பதற்காக, அவர் கையில் நீண்ட கம்பியின் முனையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அரங்கின் ஒலி முழுவதும் அறுந்துபோகும். வசனத்தைச் சொல்லிவிட்டு விரலை எடுத்தால் ஒலி மீளும். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பொத்தான் டோரீனின் பொறுப்பு. இருபத்துமூன்று வயது, வேலைக்கு வந்து மூன்று மாதம். அவளுக்கு முன்னிருந்தவள் மிகச் சிறிய தவற்றுக்கே வெளியே அனுப்பப்பட்டவள். வேலை போனால் க்ராய்டனில் அப்பா பிடித்துவைத்திருந்த காப்பீட்டு அலுவலகத் தட்டச்சு மேசை அவளுக்காகக் காத்திருந்தது.

மார்ச் 17. முதல் இரு பகுதிகளும் பிசகின்றி ஓடின. மூன்றாம் பகுதியில், சிரிலின் பேச்சுக்கு முன்னால், ஃபேன்ஷா கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "அப்பா, நெம்புகோல்ல இருந்து கையை எடுக்க மறந்துட்டீங்களா?" ஃபேன்ஷாவின் வாய் திறந்தது, சொல் வரவில்லை. கண்கள் டோரீனைத் தேடின. அவள் பொத்தானை அழுத்தினாள், வரியை எடுத்துக்கொடுத்தாள். ஃபேன்ஷா கேள்வியைக் கேட்டார். சிரில் பேசத் தொடங்கினார்.

ஒத்திகையில் இருபது முறை கேட்ட பேச்சுதான். ஆனால் ஒத்திகையில் அவர் அதைக் காசு போல முடிந்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. குரல் உயரவில்லை. ஒரு மனிதர் தம் கையைத் தாமே பார்த்துக்கொண்டு, அது செய்ததைக் கணக்காகச் சொல்வது போலச் சொன்னார். டோரீன் நின்ற இடத்திலிருந்து அவர் முகம் தெரிந்தது. கேமராவுக்குத் தெரியாத முகம். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது அவளுக்கே தெரியவில்லை. விரல் பொத்தானிலேயே இருந்தது.

பேச்சு முடிந்து அரங்கம் அசையாமல் நின்ற அந்தக் கணத்தில் அவள் கீழே பார்த்தாள். விரலை எடுத்தாள். ஐம்பது விநாடி கடந்திருந்தது. நாடு முழுவதும் மக்கள் ஜெரால்ட் ஃபேன்ஷாவின் அழகிய முகத்தையும், ஒரு முதியவரின் அசைவற்ற பிடரியையும், எந்த ஒலியும் இல்லாமல் பார்த்திருந்தார்கள்.

நாடகம் முடிந்ததும் ஸ்ட்ரேக் மேல்தளக் கண்ணாடி அறையிலிருந்து இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"மூணாம் பகுதி! ஒரு நிமிஷம் சத்தமே இல்லை! யாரு? என்ன நடந்தது அங்க?"

டோரீன் வாயைத் திறந்தாள். அதற்குள் சிரில் முன்னே வந்துவிட்டார்.

"நான்தான் சார். மறந்துபோச்சு. துடைச்சுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. பாவம், அந்தப் பொண்ணு ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தா."

"ஒவ்வொரு வரியாவா? முழுப் பேச்சையுமா?"

"முழுப் பேச்சையும்."

தள மேலாளர் மர்டி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தம் கையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். கேமராக்காரர்கள் கம்பிகளைச் சுருட்டினார்கள். ஃபேன்ஷா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உண்மை வெளியே வந்தால் முதலில் மறந்தவர் யார் என்பதும் வெளியே வரும். அவர் பேசவில்லை.

"ஐந்நூறு நாடகம் நடிச்சவன்னு சொன்னாங்களேய்யா உன்னை!" என்றார் ஸ்ட்ரேக். திரும்பிப் படியேறிப் போய்விட்டார்.

ஒப்பனை அறையில் சிரில் மீசையைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தபோது டோரீன் கதவருகே வந்து நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? நாளைக்கே நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா உன்னை வெளிய அனுப்புவாங்க. என்னை என்ன பண்ண முடியும்? கான்ஸ்டபிள் வேஷம் குடுப்பாங்க. அதைத்தான் ஏற்கெனவே குடுத்துட்டிருக்காங்களே."

"ஆனா அந்தப் பேச்சு... யாருமே கேக்கலையே மிஸ்டர் ஹாட்டன்."

"நீ கேட்டியே." மீசையைப் பஞ்சில் வைத்துச் சிறு டப்பாவில் மூடினார். "இத்தனை வருஷத்துல எவ்வளவோ பேருக்கு முன்னால பேசியிருக்கேன் கண்ணு. கேட்டுட்டுக் கைவேலையை மறந்தவ நீ ஒருத்திதான். போ, மூஞ்சியைக் கழுவு. மை எல்லாம் வழிஞ்சு நீதான் பேய் வேஷம் போட்ட மாதிரி இருக்கு."

மறுநாள் அவள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. முதலில் அச்சம் தடுத்தது. அச்சம் தெளிந்தபின் வெட்கம் தடுத்தது.

நடிகர் உலகம் சிறிய உலகம். 'ஹாட்டனா, நல்ல மனுஷன், ஆனா நீளமாப் பேசவைக்காதீங்க' என்ற வாக்கியம் ஸ்ட்ரேக்கின் வாயிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு தயாரிப்பாளர் மேசையாக நடந்து, சில ஆண்டுகளில் அவர் பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டது. பின்னர் நாடகங்கள் பதிவாகத் தொடங்கின. மறந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. ஆயினும் அந்த வாக்கியம் மட்டும் அழியவில்லை.

சிரில் வாழ்ந்தார். மழையில் நிற்கும் காவலராக, சாவிக்கொத்துடன் வரும் விடுதிக்காரராக, தீர்ப்பைக் கேட்டு இருமும் ஜூரியாக, பிணப்பெட்டிக்கு அளவெடுப்பவராக. சொந்தமாக மூன்று மூக்குக்கண்ணாடி, இரண்டு ஜோடி பூட்ஸ், ஐந்து தொப்பிகள் வைத்திருந்தார். படப்பிடிப்புத் தளங்களில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒருவருடைய முகத்தை அண்மையில் எடுக்கும்போது, எதிர்நடிகர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தம் வசனத்தைச் சொல்ல வேண்டும். பெரிய நடிகர்கள் பெரும்பாலும் அதற்குள் காரில் ஏறிவிடுவார்கள். தளத்து உதவியாள் யாராவது கடைச்சரக்குப் பட்டியல் வாசிப்பது போல வாசிப்பார்கள். சிரில் மட்டும் தம் வேலை முடிந்த பிறகும் நின்றார். யாருடைய வசனமானாலும் தாம் சொன்னார். கேமராவில் விழாத அந்த இடத்தில் நின்று, எதிரில் நடிப்பவர் பார்க்க ஒரு உயிருள்ள கண்ணைக் கொடுத்தார். பின்னாளில் பெயர் பெற்ற பலரும் தங்கள் முதல் அழுகையை அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

1963இல் டோரீன் அதே நிறுவனத்தில் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுக்கு மாறினாள். அன்றுமுதல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அவளிடமிருந்து சிரிலுக்குத் தொலைபேசி போகும்.

"சிரில், ரெண்டு நாள் வேலை. துறைமுகக் காவல்காரர்."

"எத்தனை வரி?"

"நாலு."

"தொப்பி உண்டா?"

அவர் எப்போதும் கேட்கும் கேள்வி அது. தொப்பி இருந்தால் முகம் பாதி மறையும். முகம் மறைந்தால் அதே தொடரில் இன்னொரு வேடத்துக்கும் வரலாம். ஒரு மருத்துவமனைத் தொடரில் தொப்பியின் தயவால் நான்கு வெவ்வேறு மனிதர்களாக வந்திருக்கிறார்; அவர்களுள் இருவர் இறந்தும் போனார்கள்.

பெரிய வேடம் வரும்போதெல்லாம் டோரீன் அவர் பெயரைப் பட்டியலில் எழுதினாள். ஒவ்வொரு முறையும் மேசையின் எதிர்ப்புறத்திலிருந்து அதே வாக்கியம் வரும். ஒவ்வொரு முறையும் அவள் வாயடைத்துப் போவாள். பெயர் அடிக்கப்படும். கிறிஸ்துமஸ் தோறும் நீண்ட கடிதத்துடன் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவாள். அதில் எழுத வேண்டிய ஒரே வரியை மட்டும் எழுத மாட்டாள்.

1979 இளவேனிலில் ஒரு துறைமுக நகரத்தைப் பற்றிய ஆறு வாரத் தொடர் வந்தது. நிறுவனத்தின் நாடகப் பிரிவுக்கு அப்போது ஸ்ட்ரேக்கே தலைவர். கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியாக இருந்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர், தம் தவற்றால் மூழ்கிய படகில் இறந்தவனின் மனைவியிடம் பேசும் நீண்ட பேச்சு ஒன்று அதில் இருந்தது. படித்து முடித்ததும் டோரீன் பேனாவை எடுத்தாள். பட்டியலில் ஒரே பெயர் எழுதினாள்.

"ஹாட்டனா?" ஸ்ட்ரேக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த ஆளு மறதிக்காரன்னு ஊருக்கே தெரியும் டோரீன்."

"அவர் மறக்கலை."

"நான் அங்கதானே இருந்தேன்!"

"நீங்க மேல இருந்தீங்க. நான் கீழ இருந்தேன். ஃபேன்ஷாதான் மறந்தார். நான் பொத்தானை அமுக்கினேன், எடுக்கலை. சிரில் ஒரு வார்த்தை விடாம முழுசையும் பேசினார். நான் கேட்டுட்டு நின்னேன்."

ஸ்ட்ரேக் பட்டியலையே பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் கடைசியில். "எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் நான்." பிறகு பட்டியலில் கையெழுத்திட்டு அவள் பக்கம் தள்ளினார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மாலையே ஆக்டனிலுள்ள சிரிலின் வீட்டுக்கு அவள் போனாள். ஐவி கடைக்குப் போயிருந்தாள். சிரில் தேநீர் ஊற்றினார்; அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடிய டோரீன், வாழ்க்கையில் முதல் முறையாக அங்கே கோபத்தைக் கண்டாள்.

"உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"நான் சொல்ல வேண்டியதுதானே சிரில். எப்பவோ சொல்லியிருக்கணும்."

"எப்பவோ சொல்லியிருந்தா சரி. இப்பச் சொல்லி என்ன பண்ண?" எழுந்து போய், கொக்கியிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து வந்து அவள் மடியில் கவிழ்த்துப் போட்டார். "உள்ள பாரு."

உள்பட்டையில் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தது. சென்ற மாதம் அவள் கொடுத்த தபால்காரர் வேடத்தின் வசனம்.

"ரெண்டே வரி கண்ணு. நிக்க மாட்டேங்குது. காலையில படிச்சா மத்தியானம் காணோம். டாக்டர் வயசுன்னு சொல்றான்." கோபம் தணிந்து, பழைய குரல் மீண்டது. "ஸ்ட்ரேக் இத்தனை நாள் பொய்யைச் சொல்லிட்டிருந்தான். இப்ப அது நிஜமாயிடுச்சு. பாவம், நிஜமானதும் நீ போய் மறுத்துட்டு வந்திருக்கே."

டோரீன் அந்தப் பென்சில் வரிகளை இன்னொரு முறை படித்தாள். தொப்பியை நிமிர்த்தி மடியில் வைத்தாள்.

"அந்த வேஷத்தை பெர்சி லோமுக்குக் குடு" என்றார் சிரில். "நல்லாப் பண்ணுவான். எனக்கு அதுல வேற ஏதாவது இருந்தா சொல்லு. தொப்பியோட."

துறைமுகப் போலீஸ்காரர் வேடம் இருந்தது. வசனம் இல்லை.

படப்பிடிப்பு மே மாதம் விட்பி ஊரில் நடந்தது. பெர்சி லோமின் பேச்சை அண்மையில் எடுக்க வேண்டிய பிற்பகலில், இறந்தவனின் மனைவியாக நடித்தவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அவள் போய்விட்டாள். சிரிலின் வேலை மதியமே முடிந்திருந்தது. அவர் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவளுடைய வசனத்தைத் தாளைப் பார்த்தே வாசித்தார். பெர்சி நான்கு முறை அந்தப் பேச்சைப் பேசினார். நான்கு முறையும் சிரில் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் முறை பெர்சியின் குரல் உடைந்தது, அதையே வைத்துக்கொண்டார்கள்.

கடற்சுவரின் ஓரத்தில் நின்ற டோரீனிடம் சிரில் மெதுவாக நடந்து வந்தார்.

"நல்லாப் பண்ணான், இல்ல?"

"நல்லாப் பண்ணார்."

"பொத்தானை யாரும் அமுக்கலையே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு உடை மாற்றப் போனார்.

1981 நவம்பரில் சிரில் ஹாட்டன் இறந்தார். சவ அடக்கத்துக்குப் பதினாறு பேர் வந்தார்கள். அவர்களுள் நால்வர் நாடறிந்த முகங்கள். எல்லாரும் போன பிறகு டோரீன் மட்டும் ஐவியின் வீட்டில் இருந்தாள். ஐவிக்குக் கோப்பைகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே, இருபத்துநான்கு ஆண்டுகள் சுமந்ததை இறக்கிவைக்கத் தொடங்கினாள்.

"ஐவி, அந்தக் கைகாட்டிக்காரர் நாடகம். அன்னிக்கு அவர் மறக்கலை..."

"தெரியுமே" என்றாள் ஐவி, கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தாமல்.

"அவர் சொன்னாரா?"

"எங்க சொன்னாரு? அன்னிக்கு அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாம் ஒரு வார்த்தை பேசாம நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு உயிரே போச்சு. இவர் வந்தார். கோட்டைக்கூடக் கழட்டலை. இதோ, இந்த இடத்துல நின்னு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, மொத்தத்தையும் பேசினார். டிவில இருந்த மாதிரியே இருக்கணுமாம்! ஒரு எழுத்து தட்டலை. மறந்த மனுஷன் அப்படிப் பேசுவாரா?"

"யாரால நடந்ததுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஏதோ மெஷின்னு சொன்னார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு உன் அட்டை வந்துது, நாலு பக்கக் கடுதாசியோட. அப்பப் புரிஞ்சுபோச்சு மெஷின் யாருன்னு." ஐவி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கடுமை இல்லை. "ஆமா, உன்கிட்ட எப்பவாவது ஏதாவது கேட்டிருக்காரா அவர்?"

டோரீன் நினைத்துப் பார்த்தாள். பதினெட்டு ஆண்டுகளில் அவள் அவருக்கு நாற்பத்தொரு வேடம் கொடுத்திருந்தாள். எல்லாம் அவளாக அழைத்துக் கொடுத்தவை. அவராக அவளைத் தொலைபேசியில் அழைத்தது ஒரே ஒரு முறை. 1968இல், ஒரு வியாழக்கிழமை. அழைப்பு அவரிடமிருந்து என்று தெரிந்ததும், இதோ, கடைசியில் கேட்கப்போகிறார், என்ன கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும் என்று எழுந்தே நின்றுவிட்டாள். அவர் கேட்டது வேறு. முந்தின நாள் தம்முடன் நடித்த புதுப் பெண்ணொருத்தி தன் மழைக்கோட்டை இரண்டாம் அரங்கத்து நாற்காலியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள், வெளியே மழை வலுக்கிறது, யாராவது எடுத்து வைக்க முடியுமா என்றார். அவ்வளவுதான்.